குதிகாலில் ஒரு துளி உதிரம்
(நம் சங்கத்தின் நாமக்கல் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மகவு பிறந்ததும் ஜாதகம் கணிக்க விரைகின்ற நாம், அதன் அறிவைக் காக்கும் சோதனையொன்றைக் கேட்பதில்லை. கழுத்தின் முன்புறத்துள்ள தைராய்டுச் சுரப்பியின் நீரே மூளை வளர்ச்சிக்கு ஆதாரம். இந்தியாவில் ஏறத்தாழ 1,000 மகவுகளுள் ஒன்றுக்கு அது பிறவியிலேயே குறைபடுகின்றது. பிறந்தபொழுது பெரும்பாலும் குறியொன்றும் தோன்றாது. ‘அழாத சமர்த்துப் பிள்ளை’ எனப் பாட்டிமார் மகிழ்வர். அச்சோர்வே நோயாகவும் இருத்தல் கூடும்.

சோதனையோ எளிது. பிறந்த 48 மணி முதல் 72 மணிக்குள் குதிகாலிற் குத்திச் சில துளி உதிரத்தைத் தாளில் ஏற்பர். சோர்ந்த எருதை உழவன் மேன்மேலும் அதட்டுதல் போல, தைராய்டு சோர்ந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்னும் ஏவுநீரை மிகுதியாய்ச் சுரக்கும். அம்மிகுதியே ஆய்வுக்கூடத்தில் குறையைக் காட்டிக்கொடுக்கும். 1970-களில் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய முறை இது.

குறை உறுதிப்பட்டால் நாள்தோறும் தைராக்சின் மாத்திரை. இரண்டு வாரத்திற்குள் தொடங்கின் அறிவு பெரும்பாலும் தழைக்கும். மாதங்கள் கடந்தபின், ஆசிரியராகிய யாம் எத்துணை முயலினும் இழந்ததை மீட்டல் அரிது.

ஆதலின், பேறு சேலத்தில் நிகழினும் நாமக்கல்லில் நிகழினும், ‘தைராய்டுச் சோதனை ஆயிற்றா?’ என வினவுங்கள். செய்வித்த பின்னரே சேயை இல்லம் அழைத்து வாருங்கள். முடிவையும் மறவாது கேட்டு வாங்குங்கள்.