ஆசிரியரை ஆக்குவோர் கற்கும் பாடம்



சொறிக்கல்முனையைச் சூழ்ந்து கிடப்பவை நெல்வயல்கள். தன் வயலை நாள்தோறும் பார்த்துப் பழகிய உழவனுக்கு ஒரு மூலையிற் பரவும் களை தென்படாது போதலுண்டு. வரம்பு வழியே வரும் அயல் வயற்காரர் அதனை முதற்பார்வையிலேயே காட்டிவிடுவார். ஆசிரியரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும் இத்தகைய அயற்கண் வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

ஒரு விரிவுரையாளர், “மாணவரைப் பேச விடுங்கள்” என்று ஒரு மணி நேரம் தாமே பேசுகிறார் என வைத்துக்கொள்வோம். கேட்டிருக்கும் பயிலுநர் அவர் சொல்லை ஏட்டில் எழுதுவர். அவர் செயலையோ மனத்தில் எழுதிக்கொள்வர். பின்னர் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியிற் பயின்றவராயினும், வேறெங்கும் பயின்றவராயினும், சொறிக்கல்முனை வகுப்பறையில் நிற்கும்போது அவரிடம் வெளிப்படுவது அந்தச் செயலே. வாய்மூடி இருக்க நேர்வது நம் குழந்தைகளுக்கு!

இம்முரண்பாட்டை ஒருவர் தனியே காண்பது அரிது. அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பயின்ற நால்வர், கில்ஃபோயில், ஹாமில்ற்றன், பின்னிகர், பிளேசியர் என்போர், பின்னர் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் கல்வி கற்பிக்கச் சென்றனர். தம் இடர்களையும் ஐயங்களையும் மறையாது ஒருவர்க்கொருவர் கடிதமாக எழுதினர். அக்கடிதங்களே அவர்களது ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாயின. இவ்வகைத் தன்னாய்வில் ஈடுபட்டோர் 1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹேர்ஸ்மொன்சோக் கோட்டையில் முதன்முறையாக மாநாடு கூடினர். 2004ஆம் ஆண்டில் இத்துறைக்கெனப் பெருங் கைந்நூல் ஒன்றும் வெளிவந்தது.

இதனைச் செய்வது எங்ஙனம்? இரு விரிவுரையாளர் சேர்ந்து ஒரு கேள்வியைத் தெரிந்துகொள்க. “என் வகுப்பில் யார் பேசுகின்றனர்?” என்பது போதும். ஒருவர் கற்பிக்க, மற்றவர் பின்வரிசையில் இருந்து கண்டதை மட்டும் குறித்துக்கொள்க. கற்பித்தவரும் தம் நினைவை அன்றே எழுதுக. பயிலுநரின் கருத்தையும் கேட்டு, மூன்றையும் ஒப்புநோக்குக. முறையைச் சற்றே மாற்றி, மீண்டும் பார்க்க. அடுத்த முறை இடம் மாறுக. பார்த்தவர் பார்க்கப்படுபவர் ஆகுக.

இது வேவு பார்ப்பதாகாதோ என்று சிலர் ஐயுறலாம். குறிப்புகள் மேலதிகாரியின் கைக்குச் செல்லுமாயின் அவ்வாறே ஆகும். ஆதலின் அவை இருவரிடையே இருத்தல் வேண்டும். பிறர் பயன்பெற வெளியிடுவதாயின் இருவரும் இசைதல் வேண்டும். இன்னோர் இடரும் உண்டு. நட்புக் கருதிப் புகழ்வதோடு நின்றுவிட்டால் களை அங்கேயே இருக்கும். அன்பும் வேண்டும், கண்டதைச் சொல்லும் துணிவும் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. ஒரு குறிப்பேடும், வாரத்தில் ஒரு மணி நேரமும், நம்பத்தக்க ஒரு தோழரும் போதும். தாமும் இன்னும் கற்பவரே என்பதைப் பயிலுநர் முன் ஒளியாது காட்டும் ஆசிரியர், எந்த விரிவுரையாலும் கற்பிக்க இயலாத பாடத்தைக் கற்பிக்கிறார். அப்பாடத்தின் விளைச்சலை அறுவடை செய்வோர் நம் பிள்ளைகள்.