முள் மாறிய கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதையாவது பயனுள்ளதாப் பேசுங்க சார், கால் மணி நேரம் போதும்" என்று நம் சங்கச் செயலாளர் சொன்னார். பயனுள்ளதாக எனக்குத் தெரிந்தது இப்போது ஒன்றே ஒன்றுதான். பழைய இசைத்தட்டுகளை வீட்டிலேயே கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியாருக்கு வேறென்ன வேலை? அதைச் சொல்லும்போது ஒரு பழைய கணக்கையும் உங்கள் முன்னால் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். அந்தக் கணக்கு இந்தக் கல்லூரி விடுதியில் ஆரம்பித்தது.

என் அப்பா மன்னார்குடியில் மைக்செட் கடை வைத்திருந்தார் என்பது என் வகுப்பு நண்பர்களுக்கு நினைவிருக்கும். சம்பா அறுவடை முடிந்து தை பிறந்தால் கல்யாண சீசன். சித்திரை, வைகாசியில் காதுகுத்து, திருவிழா. ஆடியில் மாரியம்மன். மார்கழியில் விடியற்காலை நாலரை மணிக்குக் கோயில் கோபுரத்தில் குழாய் பேசும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, பிறகுதான் மற்றதெல்லாம். அது எழுதாத சட்டம். கடையில் ஒரு அண்ணன் வேலை பார்த்தார். செட்டு அண்ணன் என்றுதான் ஊரே கூப்பிடும். தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவதிலிருந்து ரிக்கார்டு போடுவது வரை எல்லாம் அவர்தான்.

கேசட் வந்தது, சி.டி. வந்தது, தட்டுகள் பரணுக்குப் போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தபோது வீட்டு ஓடுகள் பறந்தன. மழை நேராகப் பரணில் இறங்கியது. கரண்ட் வரவே பல நாள் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பரணைப் பார்த்தேன். முந்நூற்றுச் சொச்சம் தட்டுகள். அட்டைகள் ஊறிப் பூஞ்சை பிடித்துத் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பழைய சாமான் வாங்குகிறவர் எடை போடத் தராசோடு வந்து நின்றார். ஏனோ மனசு வரவில்லை.

மாணவர்களுக்காகக் கொஞ்சம் பாடம் சொல்கிறேன். தட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. பழையது, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுவது. அது அரக்கால் ஆனது. ஆமாம், மரத்தில் அரக்குப் பூச்சி கசியவிடும் அதே அரக்கு, கல்மாவோடு கலந்தது. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தாரே கெய்ஸ்பெர்க், அந்தக் காலத்திலிருந்து நம் நாட்டில் இருந்தது இதுதான். பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சுமார். மணிக்கணக்கில் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடங்கித்தான் ஆகவேண்டும். இரண்டாவது ஜாதி வினைல். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்த எல்.பி., நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும்.

இந்த ஜாதி தெரியாமல் நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பூஞ்சையைப் போக்குகிறேன் என்று மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, அம்மாவுக்குப் பிடித்த கே.பி. சுந்தராம்பாள் தட்டைத் துடைத்தேன். அது 78. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மேஜைக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்! பஞ்சு கறுப்பாகிவிட்டது, பாட்டு போய்விட்டது. இயற்பியல் வாத்தியாருக்கு வேதியியல் புரிய ஒரு தட்டு செலவு. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், அதில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம், மெத்தென்ற துணி, இவ்வளவே போதும். பிறகு நல்ல தண்ணியில் அலசுங்கள், அதுவும் டிஸ்டில்டு வாட்டர்தான். நம் கிணற்றுத் தண்ணி காய்ந்தால் உப்புப் பூக்கும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையக் கூடாது. நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வினைல் அப்பளமாக நெளிந்துவிடும்.

அடுத்தது முள். இதைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கு மூன்று மில் முள் தேவை. மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி.யின் பள்ளம் மெல்லியது. அதற்கு ஒரு மில், அல்லது அதற்கும் குறைவு. எங்கள் காலத்து ரிக்கார்டு பிளேயரில் ஒரே தலையில் இரண்டு முள் இருக்கும். சின்ன நெம்பைத் திருப்பினால் ஒரு முள் மேலே போய் இன்னொன்று கீழே வரும். வேகத்தை மாற்றினால் முள்ளையும் மாற்ற வேண்டும். மறந்தால்? அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

மற்ற விஷயம் எளிது. டர்ன்டேபிளிலிருந்து ஒரு போனோ பிரீ-ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து யு.எஸ்.பி. ஒலிப்பெட்டி, அங்கிருந்து கம்ப்யூட்டர். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துப் பதிவு செய்தால் நிமிஷத்துக்கு 35 மெகாபைட் ஆகும். நாற்பது நிமிஷ எல்.பி. ஒன்றே கால் ஜி.பி.க்கு மேல் இடம் பிடிக்கும். முதல் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, படி எடுத்த பிரதியில்தான் கிறீச், கடமுடாவை நீக்க வேண்டும். அதிகமாகச் சுத்தம் செய்தால் தவிலின் மேல் நாதமும் சேர்ந்து போய்விடும். எர்த் கம்பி சரியாக இல்லாவிட்டால் ரீங்காரம் கேட்கும். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். புயலுக்கு நம் விலாசம் தெரியும்.

78-இல் வேகம் சரியா என்று பார்க்க 77 கோடு போட்ட ஒரு வட்டக் காகிதத்தைச் சுற்ற விட்டு, நம் 50 சைக்கிள் கரண்டில் எரியும் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். நம் தஞ்சாவூர்க் காதுக்கு இன்னொரு வழியும் உண்டு. ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து, சுருதி தாழ்ந்த நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர். அவர் தட்டு திமிரி நாயனம் மாதிரி கீச்சென்று கேட்டால் வித்வான் மேல் தப்பில்லை, நம் டர்ன்டேபிள் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி கதைக்கு வருகிறேன்.

அப்பா உயிராக வைத்திருந்த எல்.பி. ஒன்று உண்டு. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். முகூர்த்த நேரத்துக்கு மட்டும்தான் அதை எடுப்பார். 1973-இல் ஒரு நாள் அந்தத் தட்டில் கரகரப்பு வந்துவிட்டது. அப்பா செட்டு அண்ணனைக் கூப்பிட்டு, "முள்ளை மாத்தாம போட்டியா?" என்றார். அவர் "இல்லீங்க" என்றார், ஒரே ஒரு தடவை. பிறகு பேசவில்லை. தட்டின் விலையை அப்பா மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார். கடன் கழிந்த மறு வாரமே அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் திண்ணையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புயலுக்குப் பிறகு அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். காதால் கேட்கும்போது தெரியாத ஒன்று, திரையில் அலையாகப் பார்க்கும்போது தெரிந்தது. முதல் பக்கத்தில் முதல் உருப்படி மட்டும் கிழிந்திருந்தது. அதற்கு அப்புறம் பளிங்கு மாதிரி சுத்தம். மறுபக்கமும் சுத்தம். செட்டு அண்ணன் தட்டு போட்டால் பக்கம் முடியும் வரை எடுக்க மாட்டார். அவர் முள்ளை மறந்திருந்தால் பக்கம் முழுக்க அல்லவா கிழிந்திருக்க வேண்டும்? முதல் உருப்படியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டது யார்?

நண்பர்களே, உங்களில் சிலருக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். அந்த வருஷம் நம் விடுதி நாள். அப்பாவுக்குத் தெரியாமல் பிளேயரையும் தட்டுகளையும் பஸ்ஸில் எடுத்துவந்து மேடைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். வார்டன் ஆசைப்பட்டாரே என்று தியாகராஜ பாகவதர் 78 ஒன்றைப் போட்டேன். சிறப்பு விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார் என்று யாரோ கத்தவும், அவசரமாகக் காருகுறிச்சியைப் போட்டேன். வேகத்தை மாற்றினேன். முள்ளை மாற்றவில்லை. வந்தது விருந்தினர் இல்லை, ஐஸ்காரர். "மறுபடி முதல்லேருந்து போடுடா" என்றீர்கள். மூன்று தடவை போட்டேன்.

அன்று எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. நான் அதை விரட்டிவிட்டேன். அவர் தினமும் நூறு தட்டு போடுகிறவர், அவர்தான் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று, "சோதனை முடிவை ஒளிக்காதே" என்று பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு முடிவை மட்டும் ஒளித்தே வைத்திருந்தேன்.

விசாரித்துக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் போனேன். அண்ணனுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்தே கண்டுபிடித்து, "தம்பி, வாங்க" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது என்ன தெரியுமா?

"இப்ப என்ன முள்ளு போட்டுக் கேட்டீங்க?"

சாதாரண உருண்டை முள் என்றேன்.

"பெரிய முள்ளு பள்ளத்துக்குள்ள எறங்காது தம்பி. மேல் வெளும்புல உக்காந்துதான் கீறும். அடியில பாட்டு அப்படியே கெடக்கும். இன்னும் சன்னமா ஏதாச்சும் முள்ளு கெடச்சா போட்டுப் பாருங்க."

இயற்பியல் படித்த எனக்கு இது தோன்றவில்லை. ஊருக்கு வந்ததும் நீள்வட்ட முனை உள்ள முள் ஒன்றை வரவழைத்தேன். அது பள்ளத்தின் சுவரில் இன்னும் கீழே இறங்கித் தொடும். தட்டைக் கழுவி, ஒற்றை ஒலியாகச் சேர்த்துப் பதிவு செய்தேன். கரகரப்பு முழுக்கப் போகவில்லை. ஆனால் அதன் அடியில் காருகுறிச்சியின் நாகஸ்வரம் எழுந்து வந்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்த உருப்படியை முழுசாகக் கேட்டேன். ஊரில் அன்று சத்தமே இல்லாத மாதிரி இருந்தது.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கேட்டு முடித்துவிட்டு அண்ணன் சொன்னார்: "நல்லாருக்கு. ஃபேனை நிறுத்தாம எடுத்திருக்கீங்க." உண்மைதான். பின்னணியில் ஒரு ஊளை இருந்தது. இனி யார் பதிவு செய்தாலும் ஃபேனை நிறுத்துங்கள். இது அண்ணன் சொன்ன பாடம்.

புறப்படும்போது ஒரு கவரைக் கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். "எட்டு மாசம், மாசம் அஞ்சு ரூவா. நாப்பது" என்று சொல்லி, உள்ளேயிருந்து நாற்பது ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். நான் எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. அந்த நாற்பதை வாங்கிக்கொண்டாரே, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதுவரை இருநூறு தட்டுக்கு மேல் முடித்துவிட்டேன். தனிமனிதர் வேலைதான், ஆனால் சின்ன வேலையில்லை. 1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஓடியன், யங் இந்தியா கம்பெனித் தட்டுகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக டிஜிட்டலாக்கிக் காப்பாற்றினார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம் 60 ஆண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. வீட்டில் கேட்பதோடு நிறுத்தாமல் ஊருக்குப் போட்டுக் காட்ட நினைத்தால் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாணவச் செல்வங்களே, தாத்தா வீட்டுப் பரணில் தட்டு இருந்தால் எடை போட்டு விற்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். முள், பெல்ட், பெட்டி எல்லாம் என்னிடம் இருக்கிறது. கற்றுத் தரவும் நேரம் இருக்கிறது. அந்தத் தட்டுகளைப் போட்டவர் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் போய்ப் பாருங்கள்.

விடுதி நாளில் "மறுபடி முதல்லேருந்து போடு" என்று கத்திய நண்பர்கள் இந்த அரங்கில் நான்கு பேராவது இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, முள் என் கையில்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த உருப்படியை இங்கே போடுகிறேன். இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.