பண்டங்களின் குறியெழுத்து

(கடப்பாக்கத்திற் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உருவத்தால் மிகச் சிறியது. புட்டியின் கழுத்திலும் பொட்டலத்தின் ஓரத்திலும் எறும்பு ஊர்ந்தாற்போலக் கறுப்பு மையில் அச்சிட்டிருக்கும் எண்ணும் எழுத்துமே அது. விலையைப் பார்ப்பவர் பலர். நாளைப் பார்ப்பவர் சிலர். அவ்வெண்ணைப் பார்ப்பவர் மிகமிகச் சிலர். தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன வேலை என நீங்கள் வினவலாம். காரணம் போகப்போக விளங்கும்.

பண்டத்திற் குறியிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச் சாலையில் பொதிகளுக்குப் புலி முத்திரை இட்டனர் என்று பட்டினப்பாலை கூறும். உடையவர் பெயர் பொறித்து, குறியெழுத்திட்டு, எண்ணிக் கணக்கிட்ட பொதிகள் அப்பட்டினத்துத் திறந்த மன்றத்தில் காவலின்றிக் கிடந்தன என்று சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை உரைக்கும். நம் ஊரை அடுத்த ஆலம்பரைக் கோட்டையில், நவாபு ஆட்சியில், நாணயச் சாலையொன்று நடந்ததை நீவிர் அறிவீர். இன்றும் உங்கள் மடியிலுள்ள நாணயத்தை எடுத்து ஆண்டின் கீழ் நோக்குமின். வைரவடிவம் இருப்பின் அது மும்பையில் அடித்தது. விண்மீன் இருப்பின் ஐதராபாத்து. வட்டப்புள்ளி இருப்பின் நொய்டா. ஒன்றும் இல்லையாயின் கல்கத்தா. பிழை நேருமாயின் எந்தச் சாலையைக் கேட்பது என்பதற்கு விடை அந்நாணயத்திலேயே இருக்கின்றது.

இனி, இக்காலத்துப் புட்டியிலுள்ள எண்ணுக்கு வருவோம். இதனைக் கடைக்காரர் 'பேட்சு நம்பர்' என்பர். தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஓர் ஈடு இட்டலி என்கிறோம். ஒரே மாவில், ஒரே கொப்பரையில், ஒரே வேளையில் வெந்தவை ஓர் ஈடு. அதில் ஒன்று புளித்திருப்பின் அவ்வீடு முழுவதும் ஐயத்திற்குரியது. அடுத்த ஈடு நன்றாயிருக்கலாம். தொழிற்சாலையில் ஓர் ஈட்டுக்கு இடும் பெயரே அவ்வெண். பட்டைக்கோடு வேறு; இது வேறு. 1974ஆம் ஆண்டு அமெரிக்கக் கடையொன்றில் முதன்முதற் பயன்பட்ட பட்டைக்கோடு, பொதுவாகப் பண்டத்தின் வகையை மட்டுமே கூறும். ஒரே அளவுள்ள அவ்வகைப் புட்டிகள் எல்லாவற்றிற்கும் அது ஒன்றே. அது குலப்பெயர் போன்றது. ஈட்டெண்ணோ பிறந்த நாளும் வேளையும் போன்றது.

இதனால் ஆவதென்ன என்பதை 2025ஆம் ஆண்டு நமக்குக் கண்ணீரால் கற்பித்தது. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்று ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். இறந்தோர் 20-க்கும் மேற்பட்டோர். அம்மருந்தின் பெயர் கோல்ட்ரிப். அதனைச் செய்தது வேறெங்குமுள்ள சாலையன்று. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் என்னும் மருந்துச்சாலை. 2019 வரை நாமும் அம்மாவட்டத்தினரே அல்லமோ? தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையார் எஸ்.ஆர்.-13 என்னும் ஈட்டைச் சோதித்தனர். 0.1 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாத டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு அதில் 48.6 விழுக்காடு இருந்தது. அவ்வெண் வெளிப்பட்டதும் பிற மாநிலத்தாரும் எச்சரிக்கையுற்றனர். உலக சுகாதார நிறுவனமும் அதே எண்ணைச் சுட்டி அறிவிப்பு விடுத்தது. அம்மருந்துச்சாலையின் உரிமம் அக்டோபரிலேயே நீக்கப்பட்டது.

ஈண்டு ஒன்றை உணர்தல் வேண்டும். குறியெழுத்து நஞ்சைத் தடுக்கவில்லை. அந்த ஈட்டிற்கும் முறைப்படி எண் இருந்தது. செய்யவேண்டிய சோதனையே இல்லாதிருந்தது. எண் செய்ததெல்லாம், தீ எந்த வீட்டிற் பிறந்ததென்று காட்டி, அது மேலும் பரவாமற் காத்ததே. ஆயினும் அவ்வுதவி சிறிதன்று.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த 'எலிக்சர் சல்பனிலமைடு' என்னும் மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்திருந்த 240 காலனில் ஏறத்தாழ 234 காலனை அதிகாரிகள் மீட்டனர். எங்ஙனம்? விற்றோர் கணக்கைப் பிடித்து, மருத்துவரை வினவி, பெயரும் முகவரியும் எழுதாத சீட்டுகளால் இடர்ப்பட்டு, வீடு வீடாக அலைந்து மீட்டனர். கணக்கு இருந்த இடத்தில் உயிர் தப்பியது. கணக்கு இல்லாத இடத்தில் காலம் கடந்தது. ஆதலின் குறியினும் பெரியது அதன் பின்னுள்ள ஏடு. எந்த ஈட்டில் எவரிடம் வாங்கிய எந்தச் சரக்கு சேர்ந்தது, அந்த ஈடு எவர்க்குப் போயிற்று என்னும் இரண்டும் எழுதப்படாவிடில், புட்டியின்மேலுள்ள எண் பொருளற்ற சொல்லாகும்.

இனி எம் வீட்டுச் செய்தி. அவ்வக்டோபரில் நாளிதழைக் கண்டதும், எம் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவந்த இருமல் மருந்தை எடுத்தோம். அட்டைப்பெட்டியை முன்னரே எறிந்துவிட்டோம். சிட்டை எண்ணெய்க் கைபட்டுப் பெயரும் எண்ணும் அழிந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு நாடோறும் எழுத்தறிவிக்கும் யாம், அந்த ஒரு வரியைப் படிக்க மாட்டாது விளக்கடியில் நின்றோம். குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. மருந்தை மணலிற் கொட்டினோம். எனினும் அவ்விரவு யாம் உறங்கவில்லை. இதனாலேயே இப்பொருளை இன்று எடுத்தோம்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மருந்து தீர்ந்து சின்னாள் கழியும்வரை பெட்டியையும் விற்பனைச் சீட்டையும் எறியற்க. ஈட்டெண்ணை நாட்காட்டியில் எழுதி வைக்க. 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்துப் பெயர்களுக்குக் க்யூ.ஆர். குறியும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது; அதனைக் கைப்பேசியிற் காட்டிப் படிக்க நம் இளைஞர் முதியோர்க்கு உதவுக. இரண்டாவது, கடை வைத்திருப்போர் மொத்தக் கடையிலிருந்து வரும் சீட்டில் ஈட்டெண் உளதா என்று பார்த்தே சரக்கைப் பெறுக. மூன்றாவது, வீட்டில் ஊறுகாயும் எண்ணெயும் அப்பளமும் கருவாடும் செய்து விற்கும் நம் சகோதரிகள், உணவுப் பாதுகாப்புத் துறையாரிடம் 14 இலக்கப் பதிவெண் பெறுவதோடு, ஒவ்வோர் ஈட்டிற்கும் ஓர் எண் இடுக. விலையுயர்ந்த அச்சுப்பொறி வேண்டா. அழியா மை முத்திரையும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் போதும். தேதி, மிளகாய் வாங்கிய கடை, உப்பு வந்த இடம், விற்ற கடை ஆகிய நான்கும் அதில் இருத்தல் வேண்டும்.

"நம்மை அறியாதார் யார்? பெயர் சொன்னாற் போதாதா?" என்பர் சிலர். ஊருக்குள் விற்ற காலத்தில் முகமே குறியாக இருந்தது. இன்று நம் ஊறுகாய் செங்கற்பட்டைக் கடந்து சென்னைக்கும் போகின்றது. முகம் போகாத இடத்திற்கு அவ்வெழுத்தே போகின்றது. அது 'செய்தவன் யான். குறை இருப்பின் என்னிடம் வருக' என்று நாம் கொடுக்கும் வாக்கு. கொடுத்த வாக்கிற்கு ஏடு சான்றாக இருத்தல் வேண்டும்.