வாக்குப்பெட்டியும் குடியாட்சியும்



ஒரு நாட்டிலே தேர்தல் நடைபெறுகிறது; ஆகவே அது குடியாட்சி நாடு என்று பலர் எளிதில் முடிவு கட்டிவிடுகிறார்கள். தேர்தல் என்ற பெயரை விட்டுவிடச் சர்வாதிகாரிகளுக்கும் மனம் வருவதில்லை. 2002-ஆம் ஆண்டில் ஈராக்கில் மக்கள் தீர்ப்பு ஒன்று கேட்கப்பட்டது. நூற்றுக்கு நூறு வாக்கும் அதிபருக்கே விழுந்தன என்று அறிவிப்பு வெளிவந்தது. அங்கேயும் வாக்குப்பெட்டி இருந்தது. வரிசையில் நின்ற மக்களும் இருந்தார்கள். ஆயினும் அதனைக் குடியாட்சி என்று கூற எவருக்கும் நா எழாது. அப்படியானால் வாக்குப்பெட்டியோடு வேறு எவை சேர்ந்தால் குடியாட்சி பிறக்கிறது? இந்தக் கேள்வியையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

ஆராய்ச்சிக்குத் துணையாக ஒரு சிற்றூரை மனத்தில் இருத்திக்கொள்வோம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகச் சென்று, பாம்பாடும் சோலையைக் கடந்தால் வட்டவடை என்னும் மலையூரை அடையலாம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் வட்டத்தில் அமைந்த ஊர் அது. படிப்படியாக வெட்டிய நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைகின்றன. உழவர்களிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற கிளர்ச்சி கைகூடவில்லை. அவை கேரளத்திலேயே நின்றன. ஆகவே, ஊரை விட்டுப் பெயராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள் இம்மக்கள். பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களுக்கு இவர்களுடைய அனுபவம் தொலைவானதன்று.

குடியாட்சியின் முதற்கேள்வி, பெட்டியின் அருகே வருவதற்கு உரிமை உடையவர் யார் என்பது. நம் நாட்டுப் பழைய தேர்தல் முறையைப் பற்றிப் பேசுவோர் உத்தரமேரூரை மறவாமல் குறிப்பிடுவார்கள். அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபையோர் அனைவரும் காணும்படி, சூதறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தார்கள். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை. சூது நுழைய இடங்கொடாத அருமையான ஏற்பாடு!

ஆயினும் அந்தக் குடத்திற்குள் யாருடைய பெயர் சென்றது? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், மறைநூற் கல்வியும் உடையவர் பெயரே சென்றது. நிலமில்லாத உழவனும், எந்தப் பெண்ணும் அதற்குப் புறம்பே நின்றனர். முறை நம்பத்தக்கது, வட்டம் குறுகியது. நாணயமான குலுக்கல் ஒன்றினால் மட்டும் குடியாட்சி உண்டாவதில்லை என்பதற்கு உத்தரமேரூரே சான்று.

குறுகிய வட்டம் விரிவதுண்டு. விரிந்த வட்டம் மீண்டும் குறுகுவதும் உண்டு. இலங்கையில் 1931-ஆம் ஆண்டிலேயே வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழரும் 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனுப்பினர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949-இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. வாக்குப்பெட்டி உடைக்கப்படவில்லை, சீட்டு களவு போகவில்லை. பெயர்கள் மட்டும் போயின. 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை அக்குறை முற்றும் தீரவில்லை. எண்ணிக்கையில் நிகழும் மோசடியைக் காட்டிலும் பட்டியலில் நிகழும் நீக்கம் ஆழமானது; ஏனெனில் அது ஓசையின்றி நிகழ்கிறது.

நம் நாட்டில் 1951–52 ஆம் ஆண்டுகளில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் மக்கள் வாக்காளராயினர். சொத்து, கல்வி என்ற வரம்பு ஏதும் இல்லை. ஆயினும் சுமார் 28 லட்சம் பெண்களுடைய பெயர்கள் விடுபட்டன. ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்று மட்டும் சொல்லித் தம் சொந்தப் பெயரைக் கூற அவர்கள் தயங்கியதே காரணம். முதல் தலைமைத் தேர்தல் ஆணையராகிய சுகுமார் சென், பெயரில்லாத பதிவை ஏற்க மறுத்தார். அன்றைக்கு அது கடுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் வாக்கு என்பது குடும்பத்திற்கு உரியதன்று, தனி மனிதருக்கு உரியது என்ற நெறி அதனால் நிலைபெற்றது.

இரண்டாவது கேள்வி, இட்ட வாக்கு இட்டபடியே எண்ணப்படுகிறதா என்பது. முதல் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தது. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருந்தது. எழுத்தறியாதாருக்கு அது எளிது. ஆனால் சீட்டைப் பெட்டியில் இடாமல் மறைத்து வெளியே கொண்டுபோய் விற்பதற்கு அங்கே வழி இருந்தது. ஆகவே எல்லாச் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. அந்த முறையை விரிவாகக் கையாண்டு பார்த்த இடங்களுள் ஒன்று 1960-ஆம் ஆண்டின் கேரளத் தேர்தல்.

இயந்திரத்தையும் முதலிற் கண்டது கேரளமே. 1982-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், பறவூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு இயந்திரம் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு வேறுபாட்டில் வென்றார் என முடிவாயிற்று. தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஊன்றி நோக்கத்தக்கது. சட்டம் இயந்திரத்திற்கு இடந்தரவில்லை. சட்டத்தை மாற்றாமல் முறையை மாற்றும் அதிகாரம் ஆணையத்திற்கு இல்லை என்பதே அதன் சாரம். அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது. முன்பு தோற்றவர் வென்றார். பாராளுமன்றம் 1988-இல் சட்டத்தைத் திருத்திய பின்னரே இயந்திரத்திற்கு உரிய இடம் கிடைத்தது. 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அது நாடெங்கும் பரவியது.

இயந்திரத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. நிமிடத்திற்கு நான்கு வாக்குகளுக்கு மேல் அது ஏற்பதில்லை. கட்டுக்கட்டாகச் சீட்டுக்களை முத்திரையிட்டுத் திணித்த பழைய கொடுமை அதனால் தளர்ந்தது. செல்லாத வாக்குகள் குறைந்தன. ஆனால் ஐயமும் எழுந்தது. சீட்டு எண்ணுவதைக் கண்ணுடையார் எவரும் காணலாம். இயந்திரத்தின் உள்ளே நிகழ்வதை யார் காண்பார்? 2009-ஆம் ஆண்டில் செருமானிய அரசியலமைப்பு நீதிமன்றம் இதே வினாவை எழுப்பியது. தனிப்பட்ட தொழிலறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்கும் வகையில் தேர்தலின் முக்கியப் படிகள் அமையவேண்டும் என்று கூறி, அங்குப் பயன்பட்ட இயந்திரங்களைத் தள்ளியது.

நம் உச்சநீதிமன்றம் வேறு வழி கண்டது. 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இயந்திரத்தோடு காகிதச் சீட்டுக் கருவியும் சேர்ந்தது. வாக்களித்தவர் தாம் தேர்ந்த சின்னத்தை ஏழு விநாடி கண்ணாடி வழியே காண்கிறார். பின்பு சீட்டு பெட்டியில் விழுகிறது. 2019 முதல், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுக்கள் எண்ணப்பட்டு இயந்திரக் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன. அந்த ஐந்து சாவடிகள் எவை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? குலுக்கல் முறையில்! பராந்தகன் காலத்துக் குடவோலை இன்று ஆளைத் தேர்வதை விட்டு, சோதனைக்குரிய பெட்டியைத் தேர்கிறது. ஐந்து போதாது, எல்லாவற்றையும் எண்ணுக என்ற வழக்கை 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் கேட்டால் ஒரு பகுதி இயந்திரங்களைச் சோதிக்க வழி செய்தது. ஐயம் கேட்பவனைப் பகைவனாகக் கருதாமல், அவன் முன் சான்றை வைப்பதே குடியாட்சிக்கு அழகு.

மூன்றாவது கேள்வி, முடிவை எதிர்த்துக் கேட்க இடமுண்டா என்பது. வட்டவடை அடங்கிய தேவிகுளம் தொகுதி இதற்கு இரு சான்றுகள் தருகிறது. 1957-ஆம் ஆண்டில் அங்கே வென்ற ரோசம்மா புன்னூஸ், கேரளச் சட்டமன்றத்தில் முதன்முதலாக உறுதிமொழி ஏற்றவர். ஒருவருடைய வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் அவர் வெற்றி செல்லாதாயிற்று. 1958-ஆம் ஆண்டின் இடைத்தேர்தலில் அவர் மக்களை மீண்டும் அணுகி மீண்டும் வென்றார். அதே தொகுதியின் 2021-ஆம் ஆண்டு வெற்றியை, தனித்தொகுதிக்குரிய தகுதி பற்றிய வழக்கில் 2023-இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2025-இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இவ்விரு வழக்குகளிலும் யார் பக்கம் நியாயம் என்று நாம் இங்கே வழக்காட வரவில்லை. வென்றவரும் தோற்றவரும் ஒரே நீதிமன்றத்தின் வாயிலில் நின்று, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார்கள். அதிகாரம் கைக்கு வந்த பின்னரும் கேள்விக்கு உட்படுவதே குடியாட்சியின் உயிர்நாடி.

நேயர்களே, இனி நம்மைப் பற்றிய செய்திக்கு வருவோம். பிழைப்பை நாடி வேறு மாநிலம் சென்ற நமக்கு வாக்கு எங்கே இருக்கிறது? 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. வழக்கமாக வாழும் இடத்தில்தான் பெயர் பதியவேண்டும். இரண்டு தொகுதிகளில் பதியலாகாது. சொந்த வீடு இருப்பது ஒன்றினாலே ஓரிடம் வாழுமிடம் ஆகிவிடாது. ஆயினும் நம்மிற் பலர், ஊர்ப்பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, வாழும் நகரத்தில் பதியாமலே காலம் கழிக்கிறோம். தேர்தல் நாளில் ஊருக்குச் செல்லவும் இயல்வதில்லை. வெளியூரில் இருந்துகொண்டே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023-ஆம் ஆண்டு சனவரியில் கட்சிகளுக்கு முன் வைத்தது. கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, கேரளம் உட்படப் பல மாநிலங்களில் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் திருத்தம் தொடங்கியது. வீடு பூட்டியிருந்தால் அந்தப் பெயருக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்?

ஊர்ப்பெயரை விடுவது எளிதன்று. அது உறவின் அடையாளம். பிறந்த மண்ணில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்ற ஆறுதல். அந்த உணர்ச்சியை நாம் இகழவில்லை. எல்லையோர மலைகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது; உறவும் நிலமும் எல்லையின் இருபுறமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் தமிழகமும் கேரளமும் ஒரே நாளில் வாக்களித்தபோது, ஒருவரே இரு பக்கமும் வாக்களிக்கிறார் என்ற புகாரும் எழுந்தது. இரண்டு வாக்கு இடுபவன் தன் அண்டை வீட்டானின் ஒரு வாக்கைப் பாதியாக்குகிறான். ஒரு வாக்கும் இடாதவன் தன்னையே பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்கிறான். நம் பிள்ளையின் பள்ளியும், நம் தெருவின் தண்ணீரும், நம் வேலைக்குரிய கூலியும் எங்கே முடிவாகின்றனவோ, அங்கே நம் பெயர் இருப்பதே முறை.

அப்படிப் பதிவதால் மொழி கரைந்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. எல்லைக்கோட்டைப் பற்றிய தம் கோரிக்கை நிறைவேறாத பின்னரும் தேவிகுளத்துத் தமிழர் வாக்கைத் துறக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தொகுதியின் உறுப்பினர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். தமிழ் வாசகத்தில் குறை இருந்தது தெரியவந்து, அடுத்த மாதம் மீண்டும் ஏற்றார். அப்பொழுதும் தமிழிலேயே ஏற்றார். பட்டியலில் நிலைத்து நின்ற மக்களின் மொழி மன்றத்திலும் இடம் பெற்றது.

ஆகவே, நேயர்களே, அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், நீங்கள் வாழும் பகுதியின் வாக்காளர் பட்டியலை இப்பொழுதே பாருங்கள். உங்கள் பெயரையும், உங்கள் வீட்டுப் பெண்மக்களின் பெயரையும், பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரையும் தேடுங்கள். இல்லையானால் பதியச் செய்யுங்கள். இரண்டிடத்தில் இருந்தால் ஒன்றை நீக்கச் செய்யுங்கள்.