யாருடைய பாட்டு? யாருடைய பெயர்?

(டெலானிபூரில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று பாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி, வீட்டுமனை, கப்பல் டிக்கெட் என்று தலைக்கு மேல் பிரச்சினைகள் கிடக்கும்போது சங்க மேடையில் பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு சம்பவத்தைச் சொன்னால் பதில் தானாகவே விளங்கிவிடும்.

நம் பொங்கல் விழா ஒன்றில் பிள்ளைகள் 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு ஆடினார்கள். முன்வரிசையில், கச்சால் தீவிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். இலங்கையில் கொழுந்து பறித்தவர். ஆட்டம் முடிந்ததும், "இது மாதிரி நாங்களும் மலையில பாடுவோம்யா" என்று சொல்லி, தாமே இரண்டு பாட்டுப் பாடினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினோம். எல்லோர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருந்தது. ஒருவருக்கும் அதை எடுத்துப் பதிவு செய்யத் தோன்றவில்லை. அடுத்த ஆடியில் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். அவர் பாடிய பாட்டு இன்று நம் ஒருவரிடமும் இல்லை. இது வேறு யார் குற்றமும் அல்ல, நம் சங்கத்தின் குற்றம். அதை ஒப்புக்கொண்டுதான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம்.

தமிழ்நாட்டில் இப்போது சினிமாக் கம்பெனிகளுக்கு வெளியே ஒரு புதிய பாட்டு கிளம்பியிருக்கிறது. சுயேச்சை இசை என்கிறார்கள். நம் இளைஞர்கள் அதைக் கேட்கிறார்கள்; பெரியவர்கள் வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகிறார்கள். இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. சாதியற்றவர்கள் என்று பதிவு செய்துகொள்ளும்படி தம் மக்களுக்கு அன்றே அறைகூவல் விடுத்த அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. வடசென்னைச் சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவும், கட்டமோளமும், சட்டியும், கிடாரும் இவர்கள் மேடையில் சரிசமமாக நிற்கின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பாடுகிறார்கள். கானா என்றால் ஆண்கள் கூட்டம் என்றிருந்த இடத்தில் இசைவாணி என்ற பெண் நின்று பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. நம் குறை ஒன்று உண்டு. சில பாட்டுகளில் வாத்தியங்களின் முழக்கத்தில் சொல் அமுங்கிப் போகிறது. சொல்லுக்காகப் பாடுகிறவர்கள் சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

அடுத்து, 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய கொடைக்கானல் பாட்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பாதரசத்தோடு வேலை செய்து உடல் கெட்டவர்களுக்காகப் பாடப்பட்டது. 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் அகப்பட்டு, தொழிற்சாலை மூடப்பட்டது. அன்று முதல் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் போராடினார்கள். பாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. மெட்டும் அமெரிக்கப் பாட்டொன்றின் மெட்டு. நம் தாய்மார்கள் முணுமுணுக்கக்கூடிய பாட்டல்ல. ஆனால் அது யார் காதில் விழவேண்டுமோ அவர்கள் காதில் விழுந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டால்தான் வெற்றி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினைந்து ஆண்டுப் போராட்டம் ஏற்கெனவே மூட்டி வைத்திருந்த நெருப்பு அது. பாட்டு அதை ஊதிவிட்டது. போராட்டம் இல்லாத இடத்தில் ஊதினால் சாம்பல்தான் பறக்கும்.

2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடலும் இந்த வரிசையில் வருகிறது. எழுதியவர் கபேர் வாசுகி. புறம்போக்கு என்ற சொல்லை வசவாக மாற்றியவர்கள் யார், அந்தப் பொது நிலத்தை நம்பி வாழ்கிறவர்கள் யார் என்று அது கேட்கிறது. சபாக்களில் ஒலிக்கும் கர்நாடக சங்கீதத்தில் சென்னைப் பேச்சுத்தமிழ் ஏறி உட்கார்ந்ததே ஒரு செய்திதான்.

இனி நமக்கு நெருக்கமான பாட்டுக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. அரக்கோணத்துக்காரரான அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அந்த வாழ்க்கையிலிருந்துதான் பாட்டு பிறந்தது.

தோழர்களே, இது யார் கதை? 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்துப் போட்டது. போகிறவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் நம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே உலகமே ஆடிய அந்தப் பாட்டு நம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் பாட்டு.

அந்தப் பாட்டுக்கு நேர்ந்ததையும் கவனியுங்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் இன்னொரு கலைஞரும் இருந்தார்கள், அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அறிவுக்கென்று தனியே ஓர் அட்டையை இணையத்தில் வெளியிட்டார்கள். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. அதன் பிறகு பாட்டை ஆக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்று பகிரங்கமாகவே வாதம் நடந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று அறிவித்தார். எவர் கணக்கு சரி என்று தீர்ப்பு எழுதும் இடம் இதுவல்ல. சினிமாக் கம்பெனியை விட்டு வெளியே வந்தாலே விடுதலை கிடைத்துவிடாது என்பதுதான் நமக்கான பாடம். பாட்டு யார் கைவசம், அதன் மேல் யார் பெயர், வரும்படி யாருக்கு என்ற மூன்று கேள்விகளும் வாசலிலேயே காத்திருக்கின்றன. அறிவு 2024இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். பெயர் போடவேண்டிய இடத்தில் பாட்டியின் பெயரைப் போட்டார்.

இந்தக் கேள்விகளை மற்ற நாட்டவரும் கேட்டிருக்கிறார்கள். வடக்கே சுவீடனில் 1970களில் இளைஞர்கள் ஓர் இசை இயக்கம் நடத்தினார்கள். 1974இல் அந்நாட்டின் ஆபா குழு யூரோவிஷன் போட்டியில் வென்றதால் 1975இல் ஸ்டாக்ஹோமில் அந்தப் போட்டி நடந்தது. இசையைச் சந்தைச் சரக்காக்காதே என்று முழங்கி, அதே ஊரில் அந்த இளைஞர்கள் எதிர் விழா ஒன்றை நடத்தினார்கள். கோஷத்தோடு நின்றுவிடாமல், பெரிய கம்பெனிகளைச் சாராத இசைத்தட்டு நிறுவனங்களையும் நடத்தினார்கள். கருவி தன் கையில் இல்லாதவன் பாட்டும் தன் கையில் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மவர்க்கும் இது தெரியாததல்ல. இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யர் சங்கம் கட்டியபோது, அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். பாட்டுகளை எழுதிச் சிறு புத்தகமாக அச்சிட்டார். சி.வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியதால்தான் அவை இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. தமிழர் ரப்பர் வெட்டப் போன மலேசியாவில், யோகி பி - நட்சத்ரா குழு 2006இல் 'வல்லவன்' என்ற ராப் தொகுப்பை வெளியிட்டு, தமிழ்நாட்டு இளைஞர்களுக்கே வழி காட்டியது. பிழைக்கப் போனவன் பாட்டைப் பறிகொடுத்தே தீரவேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

இந்தத் தீவுகளில் நம் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள். அது தவறில்லை, வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லோரோடும் சேர்ந்து வாழ அது உதவுகிறது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு சினிமாப் பாட்டு மட்டும்தான் என்றால், பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள், எந்தத் தோட்டத்தில் உழைத்தாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? எந்தக் கம்பெனியும் சொல்லாது.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று: டெலானிபூர், ஹாடோ, ஷாதிப்பூர் பகுதிகளில் அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் போய், தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, தோட்டப் பாட்டு எதுவானாலும் கைப்பேசியில் பதிவு செய்யவேண்டும். கச்சாலிலிருந்து வருகிறவர்களையும் விடக்கூடாது. இரண்டு: பாடியவர் பெயர், ஊர், செய்த வேலை, யாரிடம் கற்றார் என்பதை ஒரு நோட்டில் எழுதவேண்டும், அவர் சம்மதமில்லாமல் எதையும் வெளியே விடக்கூடாது. மூன்று: வரும் பொங்கல் விழாவில் முதல் அரைமணி நேரம் அவர்களுக்கே. பிள்ளைகளின் ஆட்டம் அதற்குப் பிறகு நடக்கட்டும். அதே பாட்டுக்கே ஆடினாலும் மகிழ்ச்சிதான்.

கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது. பாட்டிமார்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் முதல் பாட்டைக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள், பாடியவர் பெயரோடு.