காவிரிச் சண்டையின் சங்கிலி
(பெங்களூரில் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வண்டி தாமதமானால் பயணி யாரிடம் சண்டைக்கு வருகிறார்? கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களிடம். எங்கோ ஒரு சிக்னல் பழுது; ஒரு வண்டி நின்றது; பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்தால் சிக்னல் சரியாகிவிடுமா?

காவிரிச் சண்டையில் கண்ணெதிரே இருப்பவர்கள் நாம். 1991 டிசம்பரில் அடிபட்டு, இந்த ஊரைவிட்டு ஓடியவர்கள் நம் ஜனங்கள்.

பழுது எங்கே? கர்நாடக அணைகளை நிரப்புவது தென்மேற்குப் பருவமழை. அது நன்றாகப் பெய்த ஆண்டில் பெரும்பாலும் சண்டை இல்லை. பொய்த்த ஆண்டில் மண்டியாவிலும் பயிர் காய்கிறது, தஞ்சையிலும் காய்கிறது. யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதுதான் அடிப்படைத் தகராறு.

2016 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். இங்கே ஒரு தமிழ் இளைஞர் அடிக்கப்பட்ட படம் பரவியது. சென்னையில் கன்னடர் ஓட்டல் தாக்கப்பட்டது. இராமேஸ்வரத்தில் ஒரு கன்னடர் அடிக்கப்பட்டார். அந்தப் படமும் பரவியது. அன்றே பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்தன. ஒவ்வொருவரும் 'திருப்பித்தான் கொடுத்தோம்' என்றார்கள். முதலில் தொடங்கியவனைத் தேடினால் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருப்போம். அதை எங்கே அறுப்பது என்று தேடுவோம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018-இல் உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுக்குத் திறக்க வேண்டிய நீரில் 14.75 டி.எம்.சி. குறைத்தது. அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. ஊரில் அண்ணன் வயலுக்குக் கேட்கும் தண்ணீரை இங்கே தம்பி குடத்தில் பிடிக்கிறான். நமக்கு இரண்டு கரையும் சொந்தம்.

2003-இல் இரு மாநில விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று கூடி, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். விவசாயியால் முடிந்தது தொழிலாளியால் முடியாதா?

மூன்று காரியம் செய்வோம். ஜூன், ஜூலையில் மழை குறைந்தால் கல் விழும்வரை காத்திராமல், அப்போதே அக்கம்பக்கத்துக் கன்னடத் தோழர்களோடு உட்கார்ந்து பேசுவோம். அடிதடிப் படம் நம் கைக்கு வந்தால் நம்மோடு நிற்கட்டும். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்வோம்: அங்கே ஒரு கன்னடர் மேல் விழும் அடி, இங்கே நம் பிள்ளைகள் மேல் விழும்.