பருப்பு வேகாத தண்ணீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். சாதித்ததைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

முதலாண்டு வேதியியல் ஆய்வகம் நினைவிருக்கிறதா? பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ. கரைசல், குடுவையில் குழாய்த் தண்ணீர். சொட்டுச் சொட்டாக விட, ஒயின் சிவப்பு சட்டென்று நீலமாக மாறும். தண்ணீரின் கடினத்தன்மை கிடைத்துவிடும். அந்தச் சோதனையில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். மறுநாளே மறந்தும் போனேன்.

என் ஊர் முண்டியம்பாக்கம். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா பருப்புக்கு மட்டும் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வைப்பார். தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இளகவிடுவதில்லை என்று பிற்பாடுதான் படித்தேன். அம்மாவுக்கு அடுப்படியிலேயே தெரிந்திருந்தது.

எங்கள் பெரியப்பா ஊரிலுள்ள சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். "மனுஷன் குடிக்கிற தண்ணியவிட பாய்லருக்கு நல்ல தண்ணி வேணும்டா" என்பார். கரும்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். சாறு காய்ச்சும்போது வரும் ஆவியைக் குளிர வைத்து, அந்தத் தண்ணீரைத்தான் ஆலைகள் பெரும்பாலும் பாய்லருக்குக் கொடுக்கின்றன. கிணற்றுத் தண்ணீரை அப்படியே விட்டால் குழாய்க்குள் பாறை கட்டிவிடும்.

இவ்வளவும் கேட்டு வளர்ந்த நான், முதல் சம்பளம் கொஞ்சம் சேர்ந்ததும் அம்மாவுக்கு 15 லிட்டர் கெய்சர் வாங்கி மாட்டினேன். தண்ணீரைப் பார்க்கவில்லை. எர்த் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை.

மூன்றாம் வருஷம் மார்கழி மாதம். அம்மா போனில், "தம்பி, பைப்பைத் தொட்டா சுர்ருங்குதுப்பா" என்றார். "ஈரக் கையா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். பொறியாளன் சொன்ன பதில் அது! நல்லவேளை, மறுநாளே மனசு கேட்காமல் கிளம்பி வந்தேன். கெய்சரைக் கழற்றிய எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒரு பக்கெட் நிறைய வெள்ளைக் கல்லைக் கொட்டினார். காயிலைச் சுற்றிக் கல் மூடி, உறை வெடித்திருந்தது. பிளக் பாயிண்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எர்த் வயர் இருக்கு தம்பி, ஆனா எங்கியும் போவல" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நடந்தது என்ன? மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கீழே இறங்கும்போது சுக்கான் கல்லையும் பாறையையும் கரைக்கிறது. நம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கம் கரும்பாறை. வானூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் அடுக்குகளும் உண்டு. அதனால் ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. கரைந்த பைகார்பனேட் சூடு பட்டதும் கார்பனேட்டாக மாறிக் கல்லாகப் படிகிறது.

எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தேன். லிட்டருக்கு 600 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தின் 2012 ஆம் ஆண்டு வரையறைப்படி ஏற்கத்தக்க அளவு 200; வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. கணக்குப் போடுங்கள். நாளைக்கு 60 லிட்டர் சூடாக்கினால் அதில் 36 கிராம். வருஷத்துக்கு 13 கிலோ. எல்லாமே படியாது. பத்தில் ஒரு பங்கு படிந்தாலும் ஒரு கிலோவுக்கு மேல்!

கல் படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். பில் பெரிதாக ஏறாது. ஆனால் கல் சூட்டைத் தடுப்பதால் காயில் அளவுக்கு மீறிக் காய்ந்து உறை வெடிக்கிறது. மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. பிரஷர் வால்வும் கல்லடைத்து இறுகிப்போகலாம். செலவைவிட உயிர்தான் பெரிய கணக்கு.

சோப்புக்கும் இதே கதி. 20 லிட்டர் பக்கெட்டில் 12 கிராம் கடினம். நுரை வருவதற்கு முன்பே அது 70 கிராம் சோப்பைத் தின்றுவிடும். சலவைத் தூள் அவ்வளவு பாதிக்கப்படாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் சோதியுங்கள். பேனா மாதிரி வரும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், கடினத்தைத் தனியே காட்டாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

கெய்சரை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். கூடச் சூடு, கூடக் கல். வருஷம் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மெக்னீசியத் தண்டையும் பாருங்கள். கெட்டிலுக்கு எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து அரை மணி நேரம் விட்டால் போதும்.

சாஃப்ட்னர் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். 600 கடினத்துக்கு லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம். குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் செடிக்கும் வேண்டாம்.

கடின நீர் என்றதும் பயப்படவும் வேண்டாம். உடல்நலத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆபத்து நாம் மாட்டும் கருவியில்.

கடைசியாக, எர்த். அதோடு 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடும் கசிவுக் காப்பான். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேண்டும்.

தம்பி தங்கைகளே, இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவாருங்கள். நம் ஆய்வகத்தில் அதே பியூரெட் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டுக்காக அல்ல, உங்கள் அம்மாவுக்காக ஒரு முறை அந்த நீல நிறத்தைப் பாருங்கள். அம்மா "சுர்ருங்குது" என்று சொன்னால், உடனே மெயினை அணைக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள்.